ஊசி போட்ட தேதி காலண்டரில் இருக்கிறதா?

நீங்கள் கேட்டவை

‘‘எங்கள் நிலத்து மோட்டார் கொட்டகையில் காவலுக்கு ஒரு நாட்டு நாய் நிற்கிறது. நான்கு வயது. யாரையும் கடித்ததில்லை. விளையாடும்போது பேரன் கையில் அதன் பல் பட்டுவிட்டது. ரத்தம் வரவில்லை, கீறல்தான். நம் வீட்டு நாய்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டோம். நாய்க்கு இதுவரை ஊசி எதுவும் போட்டதில்லை. இது போதுமா?’’
– வாசகி, பாகூர் கொம்யூன்.

போதாது. கடிதம் கிடைத்த அன்றே இந்த வாசகிக்குத் தொலைபேசியில் பதில் சொல்லப்பட்டது. மறுநாள் காலையில் பேரனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று முதல் ஊசி போட்டுவிட்டார்கள். நாய் கடித்தால் இதழில் பதில் வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. இரண்டு, மூன்று நாள் தாமதமாகிவிட்டாலும் ‘இனிமேல் போய் என்ன பயன்’ என்று விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

இவ்வளவு அவசரம் எதற்கு? வெறிநோய் எனும் ரேபிஸ், அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற முடியாத நோய். கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாகக் கிருமி மூளைக்குப் போய்ச் சேர பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். அது மூளையைத் தொடுவதற்கு முன் ஊசி வேலை செய்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாயிடமிருந்துதான் வருகிறது. இறப்பவர்களில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நாயோடு விளையாடுவது பிள்ளைகள்தான். பல் பட்டதை வீட்டில் சொன்னால் அடி விழும் என்று மறைப்பதும் அவர்கள்தான். ‘நாய் நகம் பட்டாலும் சொல்லு, திட்ட மாட்டோம்’ என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கடித்தவுடன் செய்ய வேண்டியது

முதல் மருந்து சோப்பும் தண்ணீரும். குழாயிலோ, பம்புசெட்டிலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நேரம் என்று தெரியும். காயத்தில் இருக்கும் கிருமியில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காபித்தூள், பச்சிலை எதையும் வைக்கக் கூடாது. துணியால் இறுக்கிக் கட்டவும் கூடாது.

அடுத்து ஆஸ்பத்திரி. தோல் கிழியாத இடத்தில் நாய் நக்கியது மட்டும் என்றால் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், மெல்லிய பல் தடம் என்றால் ஊசி போட வேண்டும். ரத்தம் வந்த கடி, புண்ணின் மேலோ வாய், கண்ணிலோ நாயின் எச்சில் பட்டது என்றால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். இந்த மருந்து எல்லா இடத்திலும் இருக்காது. ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால், ‘இதுக்குப் போய் அவ்வளவு தூரமா’ என்று திரும்பி வந்துவிடக் கூடாது.

‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்ற பயத்தில் இன்றும் சிலர் ஒதுங்குகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்பட பல இடங்களில் தயாரானது. 2004-ம் ஆண்டோடு இந்தியாவில் அது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது ஊசி கையில்தான். தோலுக்குள் போடுவது என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்கள். தசையில் போடுவது என்றால் 14-ம் நாள் ஒன்று கூடும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடுகிறார்கள். வலி நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்துவது ஆபத்து.

பாகூர்ப் பக்கத்து மக்களுக்கு இன்னொரு விஷயம். இங்கே ஒரு வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு கடலூர் மாவட்டம் என்று ஊர்கள் கலந்து கிடக்கின்றன. எந்த மாநிலத்து ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து காட்டினால் மற்ற ஊசிகளை வேறு ஆஸ்பத்திரியில் தொடரலாம்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடக் கூடாது. அதைக் கட்டி வைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். வெறிநோய் உள்ள நாய் அந்தப் பத்து நாளுக்குள் நோயைக் காட்டிவிடும், பெரும்பாலும் செத்தும்போகும். பத்து நாளும் நன்றாக இருந்தால் மீதி ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு சொல்வார். ஆனால், பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று இருக்கக் கூடாது. ஊசியும் கவனிப்பும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

‘அது சாதுங்க, கடிக்காது’

நாய் வளர்க்கும் எல்லாரும் சொல்லும் பேச்சு இது. அந்தப் பாகூர் நாயும் சாதுதான். ஆனால், நாயின் குணம் வேறு, நோய் வேறு. மோட்டார் கொட்டகையில் நிற்கும் நாய் இரவில் ஏரிக்கரை வரை போய்வரும். நரியோ, கீரியோ, வெறிபிடித்த இன்னொரு நாயோ அதைக் கடித்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு வைப்பதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. ஊசி போட்ட தேதியைக் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி. ஒரு மாதம் கழித்து இரண்டாவது. அதன்பிறகு வருடத்துக்கு ஒரு முறை. பெரிய நாய்க்கு இதுவரை போடவில்லை என்றால் இந்த வாரமே தொடங்கலாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். வில்லியனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். ஊசியைக் கண்டுபிடித்த லூயி பாஸ்டர் இறந்த நாள் அது. அந்த நாளையொட்டிக் கால்நடைத் துறையினர் ஊசி முகாம் நடத்துவது வழக்கம்.

ஊசி போட்ட நாய் கடித்தாலும் காயத்தைக் கழுவி டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்போது நாயின் ஊசிச் சீட்டைக் கையில் கொண்டுபோனால் டாக்டருக்கு முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

‘‘கறவை மாட்டைத் தெருநாய் கடித்துவிட்டது. பாலைக் குடிக்கலாமா? சொசைட்டிக்கு ஊற்றலாமா?’’
– வாசகர், வில்லியனூர் கொம்யூன்.

மாட்டுக்கும் மனிதருக்குச் செய்வதுதான். கையில் உறை மாட்டிக்கொண்டு, காயத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கடித்த நாளிலிருந்து 0, 3, 7, 14, 28 என்ற கணக்கில் ஊசி போடுவார்கள். மூன்றாவது ஊசியோடு மாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிடக் கூடாது.

பாலைக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். பச்சைப் பாலை மட்டும் யாரும் குடிக்கக் கூடாது. சொசைட்டிக்கு ஊற்றுவதா, நிறுத்துவதா என்பதை மாட்டைப் பார்த்த மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். மாட்டிடம் நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பால் கறப்பதையே நிறுத்திவிட வேண்டும். கன்றையும் பிரித்துக் கட்ட வேண்டும்.

அறிகுறியைத் தெரிந்துவைப்பது மிக முக்கியம். வெறிநோய் வந்த மாடு தீனி எடுக்காது. வாயில் எச்சில் ஒழுகும். குரல் மாறிக் கத்திக்கொண்டே இருக்கும். தண்ணீரை விழுங்க முடியாமல் திணறும். பின்னங்கால் தள்ளாடும். இதைப் பார்த்தால் தொண்டையில் மாங்கொட்டையோ, கிழங்கோ அடைத்துக்கொண்டது போலவே இருக்கும். வீட்டில் விவரம் தெரிந்தவர் சட்டையை மடித்துக்கொண்டு கையை மாட்டின் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார். கையில் சிறு வெட்டு இருந்தாலும் எச்சில் வழியே நோய் ஏறிவிடும். எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடவே கூடாது. ஏற்கெனவே விட்டிருந்தால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேறு வழியிலும் கேடு

நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழு ஒன்றின் முட்டை, புல்லோடு சேர்ந்து ஆட்டின் வயிற்றுக்குப் போகிறது. அங்கிருந்து மூளைக்குப் போய்க் கட்டியாகிறது. ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். பின்பு விழுந்து சாகும். இன்னொரு வகைப் புழு மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கும். நாய் மலத்தில் வரும் வேறொரு கிருமி தீவனத்தில் கலந்தால் சினை மாட்டுக்குக் கருச்சிதைவு ஏற்படலாம்.

இதற்கு மூன்று காரியம் செய்தால் போதும். ஆடு அறுக்கும்போது ஈரல், குடல், தலையைப் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. வேகவைத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஆழமாகப் புதைக்க வேண்டும். நாயை வைக்கோல் போரிலும் தீவனத் தொட்டியிலும் படுக்கவிடக் கூடாது. பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். நாடாப்புழுவுக்கும் சேர்த்துக் கேட்கும் மருந்தா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கட்டுவதா, அவிழ்த்துவிடுவதா?

நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குத்தான் கோபம் ஏறும். எப்போதும் கட்டிப்போட்டு, நடக்கக்கூட விடாமல் வைத்திருப்பது 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதேநேரம், சாலையில் போகிற பைக்கைத் துரத்தவிட்டு, யாராவது விழுந்து அடிபட்டால், அல்லது நாய் கடித்தால், அதுவும் பொறுப்பில்லாத செயல்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்வரும் நேரத்தில் நிழலில், தண்ணீர் வைத்து, நீளக் கயிற்றில் கட்டலாம். காலையும் மாலையும் கையில் பிடித்துக்கொண்டு வயலைச் சுற்றி வரலாம். வேலி இருக்கும் இடத்தில் இரவு அவிழ்த்துவிடலாம்.

‘‘பெட்டை நாய் வருடம் இரண்டு முறை குட்டி போடுகிறது. யாரும் வாங்குவதில்லை. என்ன செய்வது?’’
– வாசகர், பாகூர் கொம்யூன்.

சாக்கில் கட்டி ஏரிக்கரையிலோ, கோயில் வாசலிலோ, மீன் மார்க்கெட்டிலோ விடுவது வழக்கமாகிவிட்டது. பிழைக்கும் குட்டிகள் ஒரே வருடத்தில் ஊசி போடாத தெருநாய்களாகின்றன. வில்லியனூர் வாசகரின் மாட்டைக் கடித்ததும் யாரோ ஒருவர் எப்போதோ கொண்டுவந்து விட்ட குட்டியின் வழியில் வந்ததாக இருக்கலாம். வளர்த்த விலங்கைக் கைவிடுவதும் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் ஆன பிறகு கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. 2023-ல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு, வீட்டு நாய்க்கு வளர்ப்பவர் பொறுப்பு.

ஒரு வீட்டில் மட்டும் செய்து என்ன பயன் என்று கேட்கலாம். ஓர் ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு 70-க்கு ஊசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவ வழியில்லாமல் அடங்கிவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது தெருவில் பத்து நாய் இருந்தால் ஏழு. இதைச் செய்து காட்டியது கோவா. புதுச்சேரியைப் போலவே கடலோரத்தில் இருக்கும் சின்னப் பகுதிதான். அங்கே மாநில அரசும் மிஷன் ரேபிஸ் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 95,000 நாய்களுக்கு, வீட்டு நாய், தெருநாய் பார்க்காமல் ஊசி போட்டன. நாய்களிடையே நோய் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மனித உயிரிழப்பு நின்றுபோன ஆண்டுகளும் வந்தன. 2030-க்குள் நாய் வழி வெறிநோய்ச் சாவே இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் இலக்கு.

தெருநாய்களுக்கு முகாம் வேண்டும் என்று பால் சொசைட்டி உறுப்பினர்களோ, மகளிர் குழுவினரோ சேர்ந்து கையெழுத்திட்டுக் கொம்யூன் பஞ்சாயத்திலும் கால்நடைத் துறையிலும் மனு கொடுக்கலாம். முகாம் வரும் நாளில் தெருவில் சோறு வைக்கும் ஒருவர் கூட நின்றால்தான் அந்த நாய் பிடிபடும்.

அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை. மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியை எழுதி வைக்கும் அதே காலண்டரில், நாய்க்கு வெறிநோய் ஊசி போட்ட தேதியையும் அடுத்த வருடத் தேதியையும் எழுதிவிட வேண்டும். எழுதத் தேதி இல்லை என்றால், நாளைக் காலை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான்.