டெலோமியர் ஆயுள் ரேகை அல்ல

டெலோமியர் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியில் ஷூ லேஸ் வந்துவிடுகிறது. லேஸ் நுனியின் பிளாஸ்டிக் உறைபோல குரோமோசோம் நுனிக்கு ஒரு காப்பு. அதுவரை சரி. இரண்டாவது வரியில் 'உயிரின் கடிகாரம்'. மூன்றாவதாக, ஒரு சொட்டு ரத்தம் அனுப்பினால் 'உண்மையான வயது' சொல்கிறோம் என்ற விளம்பரம். எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவரும் 2009இல் நோபல் வாங்கியது இந்தக் கைரேகை ஜோசியத்துக்கா?

இந்த அளவு நிஜமாகவே உயிரோடு விளையாடும் இடம் வேறு. எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திக்கொண்ட நோயாளியின் படுக்கை அது. ஏப்லாஸ்டிக் அனீமியா என்றால், பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு சக்தியே மஜ்ஜையைத் தாக்குகிறது என்று கொண்டு, அதை அடக்க ஏடிஜி ஏற்றுவார்கள். ஆனால் சிலருக்குக் கோளாறு டெலோமியரைப் பராமரிக்கும் மரபணுக்களில். அவர்களுக்கு ஏடிஜி பொதுவாகக் கைகொடுக்காது. மஜ்ஜை மாற்றப்போனால், வழக்கமான வீரியத்தில் தரும் கீமோவும் கதிர்வீச்சும் நுரையீரலையும் கல்லீரலையும் சிதைத்துவிடலாம். இன்னும் கொடுமை, மஜ்ஜை தர வரும் கூடப்பிறந்த அண்ணனே அதே பிறழ்வைச் சுமந்துகொண்டு, பார்க்க நல்லா இருக்கலாம்.

நகமும் தோலும் காட்டிக்கொடுக்கும் என்று காத்திருக்க முடியாது. பெரியவர்களில் பலருக்கு அந்த அடையாளங்களே இருக்காது. ஃப்ளோ ஃபிஷ் முறையில் வெள்ளணுக்களை அளந்து, அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட வேண்டும். லிம்ஃபோசைட் அளவு 1 பெர்சென்டைலுக்கும் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். அடுத்து மரபணுச் சோதனை.

இதற்கு உயிருள்ள அணுக்கள் வேண்டும், ரத்தம் கெடாமல் ஆய்வகம் சேர வேண்டும். தபாலில் விற்க இது தோதுப்படாது. அதனால் சந்தை பிசிஆர் பக்கம் போகிறது. அந்த எண் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே ஒரே வயதில் அவ்வளவு வித்தியாசம் இருக்கையில், ஓர் எண்ணை வைத்து உங்கள் வயதை யார் சொல்வது?

'நீளமா இருந்தா நல்லதுதானே?' இல்லைங்க. போட்1 மரபணுப் பிறழ்வால் டெலோமியர் மிக நீண்டவர்களிடம் பலவகைக் கட்டிகள் இருப்பதை மேரி அர்மானியோஸ் குழு 2023இல் காட்டியது. குட்டை மஜ்ஜையை வற்றவைக்கும். அதிநீளம் புற்றை வளர்க்கும்.

உவமை நம்ம பிழைப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடிகாரம் என்று நாம் எழுதிய அழகான பொய்யைத்தான் அவர்கள் விலைபோட்டு விற்கிறார்கள். இனி இதை எழுதுபவர்கள் லேஸை விட்டுவிட்டு ஒரு கேள்வியைப் பரப்புங்கள். ஏடிஜி ஏற்றும் முன், அண்ணனின் மஜ்ஜையை எடுக்கும் முன், மருத்துவரிடம் கேட்க வேண்டியது: "டெலோமியர் அளந்துட்டீங்களா, டாக்டர்?"