சிசரோவும் செங்கற்பட்டு ஏரிகளும்

உரோமாபுரிக்கும் நம் கடற்கரைக்கும் உள்ள உறவு புதியதன்று. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்தருகே, வசவசமுத்திரத்தில் அகழ்ந்தெடுத்த மட்கலங்கள் அப்பழைய வாணிகத்திற்குச் சான்று. சரக்கு மட்டுமா அங்கிருந்து வந்தது? உரோமாபுரிச் சொற்பொழிவாளர் ஒருவரின் வழிமுறை, பல நூற்றாண்டு கடந்து, நம் செங்கற்பட்டு ஏரிகளுக்காகவே வாதாடிற்று என்றால் வியப்பாக இல்லையா?

அவர்தாம் சிசரோ. சிசிலித் தீவின் ஆளுநனாயிருந்து உழவர் தானியத்தையும் கோயிற் சிலைகளையும் கொள்ளையிட்டவன் வெர்ரஸ். கி.மு. 70-இல் அவனைச் சிசரோ நீதிமன்றத்தில் நிறுத்தினார். பேசுவதற்கு முன் ஐம்பது நாள் சிசிலியில் அலைந்து கணக்கேடுகளையும் சாட்சிகளையும் திரட்டினார். வழக்கு முடியுமுன்பே வெர்ரஸ் உரோமை விட்டு ஓடினான்.

சிசரோவை நன்கு கற்றவர் எட்மண்ட் பர்க். 1785 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அவர் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். கம்பெனி ஊழியர்கள் கொள்ளை வட்டிக்குக் கொடுத்ததாகச் சொன்ன பணத்தை, விசாரணையின்றிக் கர்நாடக வருவாயிலிருந்து தீர்க்க அமைச்சரவை இசைந்திருந்தது. அதுவோ 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பால் பாழான பூமி. பர்க் உருக்கமாகப் பேசியதோடு நிற்கவில்லை. கம்பெனியின் ஜாகீராயிருந்த நம் செங்கற்பட்டுச் சீமைக்குப் பர்னார்டு வரைந்த படத்தை வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஏரி குளங்களைத் தாமே எண்ணிச் சொன்னார்: 1,100-க்கு மேல்! ஏரியைப் பேணாமல் வரி ஏது என்பதே அவர் வாதம்.

அன்று அவர் தோற்றார். பின்னர் வெர்ரஸ் வழக்கை முன்மாதிரியாகக் கொண்டு வாரன் ஹேஸ்டிங்சின் மேல் அவர் நடத்திய வழக்கிலும், 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். சிசரோவும் ஆண்டனியை எதிர்த்துப் பேசியதற்காகக் கி.மு. 43-இல் தலையும் கையும் இழந்தார். எனினும், அயல்நாட்டை ஆள்பவனும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்ற எண்ணம் அவர்களோடு மாயவில்லை.

மாணவ நண்பர்களே, நம் பேச்சுப் போட்டிகளில் எதுகையும் மோனையும் கைதட்டல் பெறுகின்றன. பெறட்டும், ஆனால் செய்தி எங்கே? வள்ளுவர் சொல்வன்மையை அமைச்சியலில் வைத்தார். நாட்டுப் பொறுப்போடு சேர்ந்த கலை அது என்பதாலன்றோ?

ரயிலடியை ஒட்டிக் கிடக்கிறது கொளவாய் ஏரி. அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தூர்ந்திருக்கிறது, கழிவு எவ்வழி சேர்கிறது என்று நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டு மேடையேறும் மாணவனுக்கே நடுவர்கள் முதற்பரிசு தரவேண்டும். சிசரோவின் பெயரையே அவன் கேட்டிராவிட்டாலும் குறைவில்லை.