மெட்டுக்குக் காசில்லை, வாசிப்பவருக்கு உண்டு

தைப்பொங்கல் நெருங்க நெருங்கச் சிங்கப்பூரின் தேக்காவில் காணொளி வேலை கூடிவிடுகிறது. நகைக்கடை, மளிகைக்கடை, உணவகம் என யார் விளம்பரம் கேட்டாலும் பின்னணிக்கு வேண்டுவது ஒன்றுதான்: வயலையும் மாட்டையும் கண்முன் கொண்டுவரும் ஒரு குழலிசை. இடத்துக்கும் அது பொருத்தமே. 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் செழித்த வட்டாரம் இது. எருமையைக் குறிக்கும் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அதைப் பெயரில் வைத்திருக்கின்றன. மாட்டு வணிகர் பெலிலியோஸ் பெயரிலும் ஒரு சாலை உண்டு.

சிக்கல் செலவில்தான். படப்பிடிப்புக்கும் எடிட்டிங்குக்கும் போக இசைக்கு மிஞ்சுவது சொற்பம். ‘இலவசக் கிராமிய இசை’ என்று தேடி, முதலில் அகப்படும் கோப்பை டைம்லைனில் ஏற்றிவிடுகிறார்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை இருந்தால் போதும் என்ற நம்பிக்கை துறையில் பரவலாக இருக்கிறது. போதாது. ‘என்சி’ என்ற குறி இருந்தால் வணிக வேலைக்கு ஆகாது. இது பலருக்கும் தெரியும். ‘என்டி’ இருந்தாலும் ஆகாது என்பதைத்தான் கவனிப்பதில்லை. இசையை அசையும் காட்சியோடு நேரம் பொருத்திச் சேர்த்தாலே அது தழுவல் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தின் வாசகம் சொல்கிறது. தழுவியதை வெளியிட என்டி இடம் தருவதில்லை. ‘எஸ்ஏ’ என்றால் முடிந்த விளம்பரத்தையே அதே உரிமத்தில் பொதுவில் விட வேண்டும். எந்த வாடிக்கையாளரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். ஆக, துணிந்து எடுக்கக்கூடியவை சிசி0, சிசி பை ஆகிய இரண்டே. இதில் ‘பை’ என்றால் படைத்தவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும்.

பழைய இசை என்றால் கவலையில்லை என்பது இன்னொரு நம்பிக்கை. பீத்தோவனின் ஆறாம் சிம்பொனி, மேய்ச்சல் நிலத்து இசைக்கு உலகறிந்த சான்று, 1808இல் அரங்கேறியது. அதன் மெட்டுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் அதே நாட்டுப்புற மணம் கமழும் இசை தந்த ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1958இல்தான் மறைந்தார். படைத்தவரின் ஆயுளோடு 70 ஆண்டு என்பது சிங்கப்பூர்க் கணக்கு. 2028 முடியும்வரை அவர் இசைக்கு இங்கே உரிமை உண்டு. அவருடைய படைப்பு ஒன்றை அமெரிக்கத் தளம் பொதுச்சொத்து என்று போட்டிருந்தாலும், அது அந்நாட்டுச் சட்டப்படி சொல்வது.

பீத்தோவனையும் அப்படியே எடுத்துவிட முடியாது. மெட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. சென்ற ஆண்டு ஓர் இசைக்குழு வாசித்து வெளியிட்ட பதிவுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 70 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு.

தமிழ்ப் பாட்டுகளில் இந்த அடுக்குகள் இன்னும் கூடுதல். பாரதி 1921இல் மறைந்தார். அவர் வரிகள் எல்லாருக்கும் பொது. ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தில் அந்த வரிகளுக்கு மெட்டமைத்த ஜி. ராமநாதன் மறைந்தது 1963இல். வரியை எடுக்கலாம்; மெட்டை 2033 முடியும்வரை அனுமதியின்றித் தொடக்கூடாது. ‘அன்னக்கிளி’ (1976) தொடங்கி இளையராஜா தந்த கிராமிய மெட்டுகளைப் புல்லாங்குழலில் புதிதாக வாசித்தாலும் அனுமதி தேவை.

அப்படியானால் எங்கே போவது? ராகத்துக்கு உரிமையாளர் கிடையாது. பழந்தமிழ் முல்லைப்பண்ணே மோகனம் என்று இசை ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை தொட்டு ஆயர் இசைக்கு நமக்கு நீண்ட மரபும் இருக்கிறது. மோகனத்தில் முப்பது நொடி வாசிக்கத் தெரிந்த குழல் கலைஞர்களுக்கு இந்நகரில் பஞ்சமில்லை. 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் தலைமுறை தலைமுறையாக இசை கற்றுக்கொடுத்து வருகிறது. ஒரு குழல், ஒரு தம்புரா, அமைதியான ஓர் அறை இருந்தால் பதிவு முடிந்துவிடும். பத்துக் கடை விளம்பரங்களில் ஒலிக்கும் அதே இலவசக் கோப்பைவிட இது தனித்தும் நிற்கும்.

எழுத்து மட்டும் வேண்டும். 2021 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்துச் செய்வித்த ஒலிப்பதிவானாலும் முதல் உரிமை அதை உருவாக்கியவருக்கே. மாறாக வேண்டுமென்றால் ஒப்பந்தம் போட வேண்டும். கலைஞரின் பெயரைக் குறிப்பிடுவதும் இப்போது சட்டப்படியான கடமை. எந்த ஊடகம், எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை என்பதை ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும்.

இணையத்திலிருந்து எடுத்தே தீர வேண்டிய வேலைகளும் உண்டு. அப்போது உரிமப் பக்கத்தின் படம், பதிவிறக்கிய தேதி, படைத்தவர் பெயர் மூன்றையும் புராஜெக்ட் கோப்புறையிலேயே போட்டுவையுங்கள். யூடியூபில் உரிமைக்கோரல் வந்தால் பதில் சொல்ல அவைதான் உதவும். அடுத்த பொங்கல் விளம்பரத்துக்கு விலைப்புள்ளி தயாரிக்கும்போது இசைக்கலைஞர் ஊதியத்துக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு, மற்ற செலவுகளை அதன் கீழே எழுதுங்கள்.