ரத்திக்கடைக்குப் போகும் முன் மீட்போம்!



மழைக்காலம் வாசலில் நிற்கிறது. வால்துனி ஆறு இந்த வருஷம் உல்லாஸ்நகரின் எந்தக் கேம்புக்குள் நுழையும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2005 ஜூலை 26 நினைவிருக்கும். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. இங்கே உல்லாஸ் கரை, வால்துனி கரை இரண்டும் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பாத்திரத்தைக் கழுவி எடுத்தோம், மெத்தையை வெயிலில் போட்டோம். ஊறிப்போன காகிதத்தை மட்டும் குப்பையோடு அள்ளிக் கொட்டினோம். அதில் எத்தனை தமிழ்ச் சங்கத்து மினிட் புத்தகம், எத்தனை விழா மலர் போயிற்று என்று கணக்கெடுத்தவர் யாருமில்லை.

காகிதத்தின் அருமை நமக்குத் தெரியாததா? குடிசைவாசிகளிடம் 1995 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்தீர்களா என்று அரசு கேட்டது; பிறகு 2000 ஜனவரி 1 என்றது. 2024 மார்ச்சில் தொடங்கிய தாராவிக் கணக்கெடுப்பிலும் அதே கேள்விதான். 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதனால் ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துக் காக்கிறோம். வீட்டுக் காகிதத்துக்குக் காவல் இருக்கிறது. ஊர்க் காகிதத்துக்கு நாதியில்லை. நாளை ‘இந்த நகரத்தைக் கட்டியதில் உங்கள் பங்கு என்ன?’ என்று கேட்டால் எதை எடுத்துக் காட்டுவோம்?

உல்லாஸ்நகரின் கதையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்காகப் போட்ட கல்யாண் முகாம், பிரிவினைக்குப் பிறகு சிந்தி அகதிகளின் ஊரானது. 1949 ஆகஸ்ட் 8-இல் அடிக்கல் நாட்டியவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அவர் பெயர் எப்படியும் நிற்கும். கல்யாணில் ரயிலிறங்கி, ஒரே அறையில் பத்துப் பேராகப் படுத்து, ஞாயிற்றுக்கிழமை கூடிச் சங்கம் வைத்த நம் பெரியவர்களின் பெயர் எங்கே நிற்கும்? சங்கத்துப் பீரோவின் கீழ்த்தட்டில் கிடக்கும் ரசீதுப் புத்தகத்தில்தான். எடுத்துப் பிரித்துப் பாருங்கள். அடிக்கட்டையில் பெயர், சொந்த ஊர், கொடுத்த தொகை. எட்டணா கொடுத்தவருக்கும் ஒரு வரி. ஓரமெல்லாம் இராமபாணம் அரித்திருக்கும், குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும். அந்த வரி போனால் அந்த மனிதர் இந்த ஊரில் வாழ்ந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்தார். தலைவர்கள் சந்தித்தது நூல்களில் இருக்கிறது. அந்த வருகையின்போது கூட்டத்துக்கு ஆள் திரட்டியவர்கள் யார், எந்த மில்லில், எந்தத் தோல் கிடங்கில் வேலை செய்தார்கள்? அதைச் சொல்லக்கூடிய நோட்டீசோ கடிதமோ தாராவியில் ஒரு வீட்டுப் பரணில் இருக்கலாம். அந்த வீட்டை இடிக்கும் நாளில் அது பழைய காகிதம் வாங்கும் ரத்திவாலாவின் தராசில் ஏறும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள், மும்பையில் அச்சான தமிழ்ப் பத்திரிகைகள், 1966-க்குப் பின் ‘மதராசி’ என்று நம்மை விரட்டிய நாட்களின் புகார் மனுக்கள், 1992-93 கலவரக் காலத்து நிவாரணப் பட்டியல்கள் என எல்லாமே அந்தத் தராசுக்குத் தப்ப வேண்டியவை.

இது நம்மால் ஆகிற காரியமா என்று கேட்காதீர்கள். செய்தவர்கள் நம்மைப் போன்றவர்களே. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் தமிழ் மண்ணிலேயே வைத்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின; அந்த வடு ஆறாத சமூகத்திலிருந்துதான் 2005-இல் ‘நூலகம்’ முயற்சி பிறந்து, தன்னார்வலர்கள் கையால் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் ஏற்றிவருகிறது. தொலைவில் ஏன் போக வேண்டும்? இதே மும்பையில், 1988-இல் எழுத்தாளர் அம்பை தோழியரோடு சேர்ந்து ‘ஸ்பாரோ’ அறக்கட்டளையைத் தொடங்கினார். பெண்களின் குரலையும் படத்தையும் கடிதத்தையும் தஹிசரில் காத்துவைத்திருக்கிறது அது. பிரிவினையில் எல்லாம் இழந்தவர்களின் சாவியும் பெட்டியும் கடிதமும் அமிர்தசரசில் 2017 முதல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதையும் நடத்துவது ஓர் அறக்கட்டளைதான்.

ஆகவே தோழர்களே, இந்த மழைக்கு முன்பே செய்ய வேண்டியது இது:

1. ஒவ்வொரு சாலுக்கும், ஒவ்வொரு கேம்புக்கும் இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். பரண், பீரோ, கோயில் அலுவலகம், பழைய செயலாளர் வீடு எதையும் விடாதீர்கள்.

2. மூலத்தைப் பிடுங்காதீர்கள். அது அவர்களிடமே இருக்கட்டும். அனுமதி வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல்.

3. லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த ஊசியை மெல்ல நெம்பி எடுங்கள். பாலிதீனில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும். நனைந்த தாளைக் கடும் வெயிலில் போடாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

4. எண்பது வயது கடந்தவர்களை முதலில் பாருங்கள். போனை எதிரே வைத்து, ‘எந்த வருஷம் வந்தீங்க, யார் கூட்டிட்டு வந்தா?’ என்று தொடங்குங்கள். அவர்கள் பேசட்டும், நாம் குறுக்கிடக் கூடாது.

5. பொது அறக்கட்டளையாகச் சாரிட்டி கமிஷனரிடம் பதிவு செய்வோம். ஸ்கேனர், இரும்பு ரேக், அறை வாடகை இவற்றுக்குப் பணம் வேண்டும். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் கொடுங்கள். வரவு செலவு சங்கப் பலகையில் ஒட்டப்படும். கட்சி, சாதி, கோயில் வேறுபாடு இந்த வேலைக்கு உதவாது. எல்லார் காகிதமும் ஒரே ரேக்கில் இருக்கும்.

அரசு செய்யும் என்று காத்திருப்பது வீண். அரசு ஆவணக்காப்பகம் அரசாங்கத்தின் கோப்பைக் காக்கும். நம் ரசீதுப் புத்தகத்தைத் தேடி அது கேம்ப் நாலுக்கு வராது.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குச் சங்க அறையில் கூடுவோம். வெறுங்கையோடு வராதீர்கள். ஒரு நோட்டீஸ், ஒரு போட்டோ, ஒரு பழைய அழைப்பிதழ், எதுவானாலும் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாருங்கள். வேலையை அங்கேயே, அன்றைக்கே தொடங்குவோம்!