எழுத்தின் பெயரா? எழுத்தின் ஒலியா?

காஞ்சியின் தேரோடும் தெருக்களில் இக்கால் புதுவகைப் பலகைகள் சில தொங்குகின்றன. குழந்தைகட்குப் 'போனிக்சு' கற்பிக்கப்பெறும் என்பது அவற்றின் அழைப்பு. தறிக்குழியில் நாள் முழுதும் காலை இறக்கி உழைக்கும் பெற்றோரும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பொருள் சேர்த்துத் தம் மக்களை அங்கு விடுக்கின்றனர். ஆங்கில எழுத்துகளை ஒலிவழியாகக் கற்பிப்பதே அம்முறை. அதனைக் குறைகூற யாம் வரவில்லை. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதவேண்டிய மொழி அது. எழுதுவதொன்றும் ஒலிப்பதொன்றுமாகக் கிடக்கும் அம்மொழிக்கே ஒலிவழிக் கல்விதான் வேண்டும் என்று, 1955-இல் அமெரிக்காவில் உருடால்பு பிளெசு என்பார் நூலெழுதி முழங்கினார். அந்நாட்டின் படிப்பாய்வுக் குழுவும் 2000-இல் அதன் பயனை ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தில் 2012 முதல் சிறு குழந்தைகட்கு ஒலிப்புத் தேர்வே நடத்தி வருகின்றனர்.

எம் வினா வேறு. ஒலிக்கும் எழுத்து என்றே பெயரிட்டு இலக்கணம் கண்ட இனத்தின் பிள்ளை, தன் தாய்மொழியை ஒலிவழியாகக் கற்கின்றதா?

சில ஆண்டுகட்கு முன் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எம் ஆறாம் வகுப்பிற்கு வந்து சேர்ந்தான். கையெழுத்து முத்துக் கோத்தாற் போலிருக்கும். கரும்பலகையில் உள்ளதை ஒரு புள்ளி பிசகாமல் பார்த்தெழுதுவான். ஆனால் தான் எழுதியதைத் தானே படிக்க அவனுக்கு இயலாது. 'மரம்' என்னும் சொல்லைக் காட்டினோம். "மானா, ரானா, இம்" என்றான். சேர்த்துச் சொல்லப்பா என்றோம். விழித்தான், அருகிலிருந்த படத்தை ஓரக்கண்ணால் பார்த்துச் "செடி" என்றான். மட்டி என்று அவனை முன்னரே முடிவு கட்டியிருந்தனர். இன்னும் ஓராண்டில் தறிக்கு அனுப்பிவிடலாம் என்பது வீட்டாரின் எண்ணம்.

அவன் மட்டியல்லன். மானா, ரானா, இம் என்பவை எழுத்துகளின் பெயர்கள், ஒலிகள் அல்ல. அவற்றைக் கூட்டினால் 'மானாரானாயிம்' என்று வருமேயன்றி 'மரம்' என்று எந்நாளும் வாராது. கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை என்று பழிக்கின்றோமே, கூட்ட முடியாதவற்றை அவன் கையிற் கொடுத்தவர் யார்? நாமல்லமோ?

கரம், காரம், கான் என்பவற்றைச் சாரியை என்றே நம் இலக்கணம் வகுத்தது. எழுத்தைச் சுட்டிப் பேசுதற்கு அவை உதவும். சொல்லைப் படித்தற்கு உதவா. தொல்காப்பியரோ எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகப் பிறப்பியலையே வைத்தார். உந்தியிலிருந்து எழுங்காற்று எங்கெங்கு நிலைபெற்று, நாவும் இதழும் பல்லும் அண்ணமும் எவ்வாறு பொருந்த எவ்வெழுத்துப் பிறக்கும் என்று அடைவே விளக்கினார். நாமோ அவ்வியலைப் புலவர் தேர்வுக்கு நெட்டுருச் செய்தோம். ஒன்றாம் வகுப்பிற்கு அதனைக் கொண்டு செல்ல வேண்டும் என்று எமக்கே ஐம்பது அகவைக்குமேல்தான் தோன்றியது.

இதழிரண்டையும் மூடி 'ம்' என்று முனகுமாறு அப்பிள்ளையிடம் சொன்னோம். 'இம்' அன்று, வெறும் 'ம்'. அதன்மேல் அகரத்தை ஏற்றச் சொன்னோம், 'ம' பிறந்தது. ஆகாரத்தை ஏற்றினான், 'மா' பிறந்தது. பாவில் ஊடையை ஓட்டுதல் போல் மெய்யில் உயிரை ஓட்டு என்றதும் அவன் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. 18 மெய்யும் 12 உயிரும் ஒலியளவில் கைவந்தால் 216 உயிர்மெய்யும் அவற்றின் வழியே வந்துவிடும். அத்தனையையும் கட்டம் போட்டு உருப்போட வைப்பது வீண்வேலை.

இடர்ப்பாடே இல்லையென்று சொல்ல மாட்டோம். கெ, கே, கை என்பவற்றில் உயிரின் குறி முன்னே நிற்கின்றது. அதன் ஒலியோ பின்னே வருகின்றது. கொ, கோ என்பவற்றில் இருபுறமும் நிற்கின்றது. இடமிருந்து வலமாக ஒலித்து வரும் குழந்தை இங்கே இடறும். ஆகவே இவற்றைத் தனியே, சற்றுப் பிந்தியே கற்பித்தல் வேண்டும். ணை, லை, னை முதலியவற்றை 1978-இல் அரசு ஒழுங்குபடுத்தியது. ஆயினும் கு, சு, து என்னும் உகர வடிவங்கள் இன்னும் பலவாறாகவே உள்ளன. பாக்கு, தங்கம், காகம் என்பவற்றில் ககரம் ஒலிக்கும் வேறுபாட்டிற்கு அஞ்ச வேண்டுவதில்லை. பேசிப் பழகிய நாவே அதனைத் திருத்திக்கொள்ளும். பழத்தைப் 'பயம்' என்று சொல்லும் நம் வடபகுதி நாவுக்குத்தான் ழகரப் பயிற்சி மிகுதியாக வேண்டும்! தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள நெசவாளர் குடும்பங்களும் இந்நகரில் பலவுண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகட்குச் சொல்லை ஊகித்தறியும் துணையும் குறைவு, ஒலியே கைக்கோல்.

திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் ஒலித்தனர். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஏதிலிச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்டுரூ பெல் என்பார் அதனைக் கண்டு வியந்து, மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் கைக்கொண்டார். 1797-இல் நூலாக்கி இங்கிலாந்திற்கு அறிவித்தார். 'சென்னை முறை' என்றே அதற்குப் பெயர். ஆனா, ஆவன்னா என்னும் பெயர்ப்பாடமும் அதே திண்ணையில் வந்ததுதான் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. நாம் மணலை விட்டோம். ஆவன்னாவை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. நோக்கம் நன்று, அட்டையும் ஆடலும் பாடலும் வந்தன. ஆனால் ஆசிரியர் வாயில் 'இம்' நிலைத்திருக்கும் வரை அட்டை என்ன செய்யும்? தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை யாம் வேண்டுவது இது: முதல் இரண்டு திங்கள் பார்த்தெழுதும் வேலையே வேண்டா. மணி, மயில், மரம் மூன்றும் எவ்வொலியில் தொடங்குகின்றன என்று செவிக்கு விளையாட்டுக் காட்டுங்கள். மேல்வகுப்பில் தேங்கிய பிள்ளைகட்கு நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்றாம் வகுப்புப் பாடநூலை அவர்கள்முன் விரித்து நாணச் செய்யாதீர்கள். பாவு, ஊடை, நாடா, கரை, முந்தி என்று அவர்கள் வீட்டுச் சொற்களையே எழுதிக் காட்டுங்கள்.

அப்பிள்ளை ஐந்தாம் திங்களில் ஒருநாள் தன் தந்தையின் கூலிக் கணக்கேட்டைக் கொண்டுவந்தான். "அப்பா இதில் கைந்நாட்டுத்தான் ஐயா வைப்பார். என்ன எழுதியிருக்கின்றது என்று தங்களிடம் கேட்டுவரச் சொன்னார்" என்றான். நீயே பார் என்றோம். விரலை வைத்து, ஒவ்வோர் ஒலியாகக் கூட்டி, 'பிடித்தம்' என்று படித்தான்.