முப்பது பிட் வேணாம், மூணு போதும்!

"சிஎன்சி மெஷின் ஆர்டர் பண்ணியாச்சு, கூட என்னென்ன வாங்கணும்?" ஒரே மாசத்துல மூணு பதிவர்கள் இதைக் கேட்டுட்டாங்க. தனித்தனியா பதில் எழுதறதுக்குப் பதிலா ஒரு பதிவாவே போட்டுடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க :-)

(தெரியாதவங்களுக்கு: கம்ப்யூட்டர் சொல்ற கோட்டுல பிட்டை ஓட்டி மரம், அக்ரிலிக், பிசிபி எல்லாம் செதுக்கற மெஷின் இது. வீட்டுக்கு வாங்கறவங்க நிறைய பேர் 3018-ங்கற குட்டி ரகத்துலதான் ஆரம்பிக்கறாங்க. 300-க்கு 180 மி.மீ. இடம், அவ்வளவுதான்.)

என் கட்சி இதுதான். மிச்சம் பிடிக்கணும்னா மெஷின்ல பிடிங்க, பிட்டுல பிடிக்காதீங்க. மொத்த பட்ஜெட்டுல நாலுல ஒரு பங்கை பிட், கிளாம்ப், தூசி சமாச்சாரத்துக்குன்னு முதல்லயே எடுத்து வெச்சுடுங்க. மரத்தைத் தொடறது மெஷின் இல்லை, அதோட முனையில இருக்கற அந்த 3 மி.மீ. கார்பைடுதான்.

ஆன்லைன்ல "30 பிட் செட்"னு சல்லிசா கிடைக்கும். அதுல பெரும்பாலும் 20 டிகிரி வி-பிட்டுங்களா இருக்கும். பிசிபி-ல கோடு போட சரி. மரத்துல பேர் செதுக்க ஆகாது. 4 மி.மீ. அகலத்துல ஒரு "ழ" செதுக்கணும்னா 20 டிகிரி பிட் 11 மி.மீ. ஆழம் இறங்கணும். பலகையே அவ்வளவு தடிமன் இருக்காது! 60 டிகிரின்னா மூன்றரை மி.மீ. போதும்.

நான் சிபாரிசு பண்றது மூணே மூணு:

1. ஒரு பல் எண்ட் மில் (சிங்கிள் ஃப்ளூட்). நிமிஷத்துக்கு 10,000 சுத்து, ஒவ்வொரு சுத்துலயும் ஒரு பல் 0.05 மி.மீ. எடுக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒரு பல்லுன்னா 500 மி.மீ. வேகம், ரெண்டு பல்லுன்னா 1000. நம்ம குட்டி மெஷின் 1000-ல கெட்டி மரத்தை வெட்டத் திணறும். சரின்னு வேகத்தைக் குறைச்சா பிட் வெட்டாது, தேய்க்கும். மரம் கருகும், அக்ரிலிக் உருகி பிட்டைச் சுத்திக்கும்.

2. டவுன்-கட் பிட். பிளைவுட்ல மேல்பக்கம் பிசிர் இல்லாம வரும். தூளைக் கீழ அமுக்கும்ங்கறதால ஆழமான வேலைக்கு வேணாம்.

3. மேல சொன்ன 60 டிகிரி வி-பிட்.

அடுத்தது கோலெட். சில மெஷின்ல பக்கவாட்டு ஸ்க்ரூ வெச்ச குழாய்தான் பிட்டைப் பிடிக்கும், ஆட்டம் ஜாஸ்தி. இஆர்-11 கோலெட்டுக்கு மாத்திடுங்க. பிட்டோட காம்பு 3.175-ஆன்னு பார்த்து அதே அளவு கோலெட் போடுங்க. கோலெட்டை முதல்ல நட்டுக்குள்ள 'டக்'குனு உட்கார வெச்சிட்டு, அப்புறம்தான் ஸ்பின்டில்ல மாட்டணும்.

"எப்படியும் உடையத்தான் போகுது, மலிவு பிட்ல பழகலாமே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமாத்தான் தெரியும். ஆனா புதுசா வர்றவனுக்கு வேலை பாழாச்சுன்னா காரணம் பிட்டா, வேகமா, பிடிமானமான்னு எப்படித் தெரியும்? ஒரு நல்ல பிட் கையில இருந்தா சந்தேகத்துல ஒண்ணு குறையுது. இல்லேன்னா "இந்த மெஷினே சரியில்லை"ன்னு துணி போட்டு மூடிப் பரண்ல ஏத்திடுவோம். போறது பிட் காசு இல்லைங்க, ஆசை.

குமணன்சாவடியில இருந்துக்கிட்டு இதுக்கெல்லாம் யூட்யூப்பை மட்டும் நம்பறதும் எனக்குப் புரியலை. பக்கத்துலயே அம்பத்தூர் எஸ்டேட், 1964-ல இருந்து இரும்பைச் செதுக்கற ஊர். வெட்டும் டூல் செய்யற அடிசன் கம்பெனி 1873-ல ஆரம்பிச்சதே நம்ம சென்னையிலதான். உடைஞ்ச பிட்டை ஒரு பட்டறையில காட்டிப் பாருங்க. "தம்பி, ரொம்ப வெளிய நீட்டி மாட்டியிருக்கே"ன்னு அந்த அண்ணன் பார்த்ததுமே சொல்லுவார்.

கடைசியா, தூசி. எங்களுது வாடகை வீடு, ரெண்டு ரூம். பையனுக்கு வீசிங் வேற. அதனால மூடி போட்ட பெட்டி, வேக்குவம் குழாய், என்95 மாஸ்க் மூணும் வந்தப்புறம்தான் முதல் பலகையையே ஏத்தினேன். மரத்தூள் புற்றுநோய் வரவழைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லயே முதல் பிரிவுல சேர்த்தாச்சு. எம்டிஎஃப் தூள் இன்னும் நைசு, பசை வேற கலந்தது. கார்பைடு வளையாது, தெறிக்கும். அதனால கண்ணாடியும் கட்டாயம். எமர்ஜென்சி பட்டன் கைக்கு எட்டற தூரத்துல இருக்கட்டும்.

இந்த லிஸ்ட்ல காசு பத்தலைன்னா பிட்டை ரெண்டாக் குறைச்சுக்குங்க. தூசி சமாச்சாரத்துல மட்டும் கை வைக்காதீங்க.

உங்க மூணு பிட் எதெதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. சண்டைக்கும் ரெடி!

டிஸ்கி: பலகையைப் பிடிக்க கிளாம்ப் இல்லையா? பலகையோட அடியிலயும் மெஷின் மேடை மேலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவுல ஃபெவிக்விக் விட்டு அமுக்குங்க. வேலை முடிஞ்சதும் டேப்பை உரிச்சாப் போச்சு.