வீட்டுக் கதையை வெளியே பேசாதே!

நாவல் படிக்கிறவர்களைப் பற்றி இந்த வாரம் கொஞ்சம் கடுமையாக எழுதப் போகிறேன். நாவலே படிக்காதவர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் பாதியில் ஒரு இடம் இருக்கிறது.

வாசகர் கூட்டங்களுக்குக் கோவை வட்டாரத்தில் பஞ்சமில்லை. விஜயா வாசகர் வட்டம், விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் என்று ஊர் தாண்டிப் பேர் வாங்கியவை ஒரு பக்கம். வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் என்று பத்திருபது பேர் சேர்ந்து மாசம் ஒரு புத்தகம் பேசுகிற சின்னக் கூட்டங்கள் இன்னொரு பக்கம். நல்ல விஷயம். சீட்டுக் கட்டு, சீரியல், செல்போன் மூன்றையும் தாண்டி ஒருத்தர் நாவலைக் கையில் எடுப்பதே பெரிசு. என் சண்டை கூட்டம் போடுவதோடு இல்லை. அந்தக் கூட்டத்தில் எதைப் பேசக் கூடாது என்று நாமே ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோமே, அதோடுதான்.

மதுக்கரையில் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். (யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். சுண்டலும் காபியும் கொடுத்து உபசரித்தவர்கள்.) முப்பது பேர் இருந்தால் அதில் பெண்கள் ஐந்து பேர். அந்த ஐந்தில் இரண்டு பேர் சுண்டல் பாத்திரத்தின் பக்கத்தில். அன்றைக்கு எடுத்துக்கொண்ட நாவல், பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்'.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: காளியும் பொன்னாவும் திருச்செங்கோடு வட்டாரத்து விவசாயக் குடும்பம். வருஷம் பன்னிரண்டு ஆகியும் குழந்தை இல்லை. ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. மலைக்கோயில் தேர்த் திருவிழாவின் பதினாலாம் நாள் ராத்திரி, பிள்ளை இல்லாத பெண் அங்கே கூடுகிற ஆண்களில் ஒருவனைச் சாமியாக நினைத்துச் சேரலாம் என்ற பழைய வழக்கத்தை நாவல் சொல்கிறது. இரண்டு பக்கத்து அம்மாக்களும் பொன்னாவை அனுப்ப முடிவு செய்கிறார்கள். காளிக்கு இஷ்டமில்லை. ஆனால் பொன்னாவிடம் 'அவன் சம்மதிச்சுட்டான்' என்று சொல்லப்படுகிறது. அண்ணன் முத்து, மாப்பிள்ளையைக் கள்ளுக் குடிக்கக் கூட்டிப்போய்விடுகிறான். புருஷனுக்குச் சம்மதம் என்று நினைத்து அவள் போகிறாள். தெரிந்தேதான் போனாள் என்று அவன் நினைக்கிறான்.

இதைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மா எழுந்தார். "அவன் சம்மதிச்சானா இல்லையான்னு அவ ஒரு வார்த்தை நேர்ல கேட்டிருந்தா இத்தனை வந்திருக்குமுங்களா? எங்கூட்டுலயும் இப்படித்தானுங்க. அவரு என்ன நெனைக்கறாருன்னு மாமியா வாயிலதான் எனக்குத் தெரியும். நெசம் வேறன்னு இருவது வருசங் கழிச்சுத்தான்..."

அவ்வளவுதான். தலைமை தாங்கிய பெரியவர் கையைத் தூக்கிவிட்டார். "அம்மிணி, சொந்த விஷயமெல்லாம் வேண்டாமுங்க. நாவலை விட்டு வெளியே போயிராதீங்க."

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருவர் இருபத்தைந்து நிமிஷம் 'பிரதி', 'தொன்மம்', 'பன்முக வாசிப்பு' என்று பேசினார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

நான் கேட்கிறேன்: நாவலை விட்டு வெளியே போனது யார்?

அந்த நாவலின் முடிச்சே, புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மூன்றாம் ஆள் கொண்டுவந்த ஒரு பொய்ச் செய்தி. அதைச் சரியாகத் தொட்டவர் அந்த அம்மா ஒருவர்தான். நம் வீடுகளில் இன்றைக்கும் நடைமுறை என்ன? மகன் அப்பாவிடம் பேச மாட்டான், அம்மா போய்ச் சொல்ல வேண்டும். மருமகள் கணவனிடம் கேட்க மாட்டாள், நாத்தனார் ஜாடையாகச் சொல்லித் தெரியும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்பதை அவளைத் தவிர எல்லோரும் சொல்வார்கள். கல்யாணமாகி ஆறு மாசம் ஆனால் போதும், எதிர்ப்படுகிறவரெல்லாம் "ஏதும் விசேஷமுங்களா?" என்பார்கள். பதில் சொல்ல வேண்டிய இரண்டு பேரும் தங்களுக்குள் அதைப் பற்றி முழுசாக ஒரு மணி நேரம் பேசியிருக்க மாட்டார்கள். இதைப் பேசத்தானே ஐயா அந்த நாவல்!

'இலக்கியக் கூட்டத்தைக் குடும்பக் கோர்ட்டாக மாற்றச் சொல்கிறாயா? கண்டவரும் வீட்டு வம்பை எடுத்தால் புத்தகம் எங்கே போகும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அடுத்த வீட்டைப் பற்றிப் பேசினால் வம்பு. தன் வீட்டைப் பற்றி, கதையில் வந்த ஒரு இடத்தைக் காட்டிப் பேசினால் அது வாசிப்பு. இந்த வித்தியாசம் புரியாத தலைவருக்கு மைக் எதற்கு?

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. சேர்ந்து படித்துப் பேசும் பழக்கம் இல்லாத ஊரில் ஒரு நாவல் என்ன பாடுபடும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

'மாதொருபாகன்' வெளிவந்தது 2010 டிசம்பரில். நான்கு வருஷம் அதனால் யார் மனசும் புண்படவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று புண்பட்டது. எப்படி? நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குள் விநியோகித்தார்கள். புத்தகத்தைக் கொளுத்தினார்கள். சாதி அமைப்புகளும் இந்து அமைப்புகளும் கை கோத்தன. 2015 ஜனவரி 9-ம் தேதி திருச்செங்கோட்டில் கடையடைப்பு. 12-ம் தேதி நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் 'அமைதிப் பேச்சு'. அதில் பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக ஒப்புக்கொண்டார். அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் தானே அறிவித்தார். அரசுக் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த வாத்தியாருக்குத் தன் சொந்த வட்டாரத்தில் இந்த மரியாதை!

கடையை அடைத்தவர்களில் எத்தனை பேர் நாவலை முழுசாகப் படித்திருப்பார்கள்? ஜெராக்ஸ் கடைக்காரர்கூடப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தால், பதினாலாம் நாள் ராத்திரிக்கு முன்னால் எத்தனையோ பக்கம் ஒரு பெண் விசேஷ வீடுகளில் ஒதுக்கப்படுவதும், வறடி என்று பேச்சு வாங்குவதும், அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியைக் கட்டச் சொல்லி அவனை அரிப்பதும் கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பக்கங்களுக்காக ஊர் வெட்கப்பட்டிருக்கலாம். அதை யாரும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

ஊர் செய்யாத வேலையைக் கடைசியில் கோர்ட் செய்தது. 2016 ஜூலை 5-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் நாவலின் கதையை விரிவாக எடுத்து அலசியிருக்கிறார்கள். இது பிள்ளையில்லாத தம்பதியின் வேதனையைச் சொல்கிற கதை என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாமக்கல் உடன்படிக்கை எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் மூடி வைக்கலாமே என்றார்கள். எழுத்தாளர் மறுபடி எழுத வரட்டும் என்று முடித்தார்கள். ஒரு நல்ல வாசகர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சுண்டலோடு முடித்திருக்க வேண்டிய வேலைக்கு ஒன்றரை வருஷமும் ஒரு உயர் நீதிமன்றமும் செலவாயின. பி.காம். படித்த புத்தி எனக்கு, செலவுக் கணக்குத்தான் முதலில் கண்ணில் படும்.

இன்னொரு தேதியையும் அந்தக் கணக்கோடு சேர்க்க வேண்டும். 2015 ஜூன் 23. கடையடைப்பு நடந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. அதே திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குத் தன்னோடு படித்த வேறு சாதிப் பெண்ணுடன் வந்து பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞரை அங்கிருந்து கடத்திப்போனார்கள். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பெருமாள்முருகன் 2013-லேயே 'பூக்குழி' என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஜோடியை மாமியாரும் ஊரும் சேர்ந்து என்ன செய்கிறார்கள் என்ற கதை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது. வெள்ளைக்காரர் படித்துவிட்டார். கொங்கு நாட்டில் கல்யாண வயசில் பிள்ளை வைத்திருக்கிற எத்தனை வீட்டில் அது இருக்கிறது?

சரி, இது ஏதோ பெருமாள்முருகன் ஒருவரின் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கொங்கு நாவலே குடும்பச் சண்டையில் பிறந்ததுதான். ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதியது 1942-ல். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். புருஷனை இழந்த நாகம்மாள், கொழுந்தனிடம் நிலத்தைப் பிரித்துப் பங்கு கேட்கிறாள். ஒன்றாக இருக்கிற குடும்பத்தில் பங்கு எதற்கு என்று அவனுக்குத் தோன்றுகிறது. தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றுகிறது. தூபம் போட ஊரில் ஆளுக்கா பஞ்சம்? கொலையில் போய் முடிகிறது.

வழக்கமாக இந்த நாவலைப் பேசுகிறவர்கள் வட்டார வழக்கின் அழகு, மண் மணம் என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுவார்கள். சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். 1937-ல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பத்தில் இறந்தவனின் பங்கு, அவள் ஆயுள் மட்டும், விதவைக்கு உண்டு என்றது. 1941-ல் ஃபெடரல் கோர்ட், அது விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் விவசாய நிலத்துக்கும் அதை நீட்டித்தது 1947-ல். நாவல் வந்தது நடுவில். அதாவது, நாகம்மாள் கேட்ட காட்டுக்கு அன்றைக்குச் சட்டமே அவள் பக்கம் இல்லை. 'அடங்காப்பிடாரி' என்று அவளைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டாமா?

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குச் சம பங்கு வந்தது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு மட்டும் இல்லை. 2005-ல் நாடு முழுக்க வந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் என்ன நடக்கிறது? சார் பதிவாளர் ஆபீஸ் வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள். அக்காவும் தங்கையும் காரில் வந்து இறங்கி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். 'உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே கண்ணு' என்று ஒரு வாக்கியம். 'கேட்டா பொறந்த வூட்டு வாசப்படி மிதிக்க முடியாது' என்று சொல்லாத இன்னொரு வாக்கியம். நாகம்மாள் வாயைத் திறந்து கேட்டாள். இவர்கள் கேட்பதில்லை. 'நாகம்மாள்' பற்றி ஒரு கூட்டம் போட்டு, அண்ணன் தங்கை இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். சுண்டல் ஆறிப்போகும்.

பெண்கள் வருவதில்லை என்பது அடுத்த புலம்பல். எப்படி வருவார்கள்? கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. கறிக் குழம்பு கொதிக்கிற நேரம்! மதுக்கரையைத் தாண்டி வாளையாறு போனால் கேரளம். 1945-ல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் வளர்ந்த ஊர்கள். வெளியே வர முடியாத பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நூலகத்திலிருந்து வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அங்கே உண்டு.

இங்கே? நாட்டிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நாம்தான், 1948-ல். உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதைப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது கட்டுரைப் போட்டிப் பரிசளிப்புக்கும் பொன்னாடை போர்த்தவும் மட்டும் கூடினால் போதுமா? சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் வையுங்கள். அன்றைக்கு ஆண்கள் காபி போடட்டும். அந்த அம்மிணி பேச எழுந்தால், தயவுசெய்து கையைத் தூக்காதீர்கள்.

கூட்டம், வட்டம் எதுவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 'மாதொருபாகன்' முடிகிற இடத்தில் காளி என்ன ஆனான் என்பது தெரியாது. அதற்கு 2014-ல் பெருமாள்முருகனே இரண்டு பதில் எழுதினார். 'ஆலவாயன்' நாவலில் காளி செத்துப்போகிறான், பொன்னா மிச்ச வாழ்க்கையைத் தனியாகச் சுமக்கிறாள். 'அர்த்தநாரி'யில் பிழைத்துக்கொள்கிறான், ஆனால் அவளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறான். இரண்டையும் வாங்குங்கள். வீட்டுக்காரர் ஒன்று, வீட்டுக்காரம்மா ஒன்று. படித்து முடித்ததும் ஒரு ராத்திரி டி.வி.யை அணைத்துவிட்டு, எது மோசமான முடிவு என்று இரண்டு பேரும் சண்டை போடுங்கள். ஒரே நிபந்தனை, உங்கள் பதிலை அம்மாவிடம் சொல்லி அனுப்பக் கூடாது.